பெரியவருக்கு நாய்க்குட்டி கிடையாது

"எழுபதைத் தாண்டினவங்களுக்குத் தனியாக் குட்டி தர்றதில்லை தாத்தா. நான் என்ன செய்யட்டும், கடை விதி அப்படி!"

பென்சிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. தாய்லாந்தின் லம்பாங் நகரச் சந்தைத் தெருவில் இருந்த அந்த நாய்க்குட்டிக் கடையில் அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலாளியம்மா சிரிபோன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து சேர்ந்திருந்தார் இந்தப் பெரியவர்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூண்டுக்குள் கையை நீட்டியதும், பழுப்பு நிறக் குட்டி ஒன்று ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. இப்போது அவர் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன வயசு?"

"ரெண்டு மாசம் முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி தாய்கிட்டேர்ந்து பிரிக்க மாட்டோம்."

"தாயைப் பாத்தீங்களா?"

"எங்க முதலாளியம்மா நேர்ல போய்த் தாயைப் பாத்துட்டுதான் குட்டி எடுப்பாங்க. தாய் எலும்பும் தோலுமா இருந்தா, அந்த வீட்டுப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"தாய் படுத்த துணியும் கூடவே வருதா?"

"வருது. முதல் ராத்திரி அதைப் போட்டுப் படுக்க வெச்சா அழாது." பென்சி அவரை வியப்பாகப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தாத்தா இதெல்லாம் தெரியும்?"

"காலம்பூரா நாயோட பழகினவன்மா. அந்தக் காலத்துல இந்தத் தெருவுல கடை ஏது? சனிக்கிழமை சந்தையில மூங்கில் கூடையில வெச்சு வித்தாங்க. கண்ணுகூடச் சரியாத் திறந்திருக்காது. கஞ்சித் தண்ணியை ஊத்தி, 'தூக்கிட்டுப் போ'ன்னு கையில திணிப்பாங்க. பாதிக் குட்டி அந்த வாரமே செத்துப்போகும். பிள்ளைங்க அழுதுகிட்டே வரும்."

அவர் குட்டியின் காதை மெல்ல நீவிவிட்டார்.

"அப்படி ஒரு கூடையிலதான் எங்க செம்பனும் கிடந்தான். பிழைக்காதுன்னாங்க. என் பொண்டாட்டி விடலையே! போர்வைக்குள்ள வெச்சுகிட்டுத் தூங்கினா. அப்புறம் ஐயா ராஜாவாயிட்டார். விடியக்காலையில பிக்குங்க பிச்சைக்கு வந்தா, அவ சோத்தை அவங்க பாத்திரத்துல போட்டு முடிக்கிற வரைக்கும் அசையாம உக்காந்திருப்பான். முடிஞ்சதும் 'எனக்கு எங்கே?'ன்னு ஒரு பார்வை பாப்பான் பாரு, சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்."

"இப்ப எங்கே அவன்?"

"அவ போனா. பின்னாடியே அவனும் போயிட்டான்." அவர் குட்டியின் வாயிலிருந்து பொத்தானை மெல்ல விடுவித்தார். "இப்ப வீட்டுல கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்னிக்கறியும் வாங்கினா, பழக்கத்துல ஒரு துண்டை எடுத்துத் தனியா வெச்சிடறேன். திங்க யாரு இருக்கா?"

பென்சிக்குப் பேசாமல் குட்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வேலை போய்விட்டால்?

"இந்த விதி உங்களை அவமானப்படுத்தறதுக்கு இல்ல தாத்தா. வயசானவங்க ஆசையா வாங்கிட்டுப் போறாங்க. அவங்க காலத்துக்கப்புறம் சொந்தக்காரங்க நாயைக் கொண்டுபோய்க் கோயில் வாசல்ல விட்டுட்டு வந்துடறாங்க. அது வர்றவங்க போறவங்க மூஞ்சியெல்லாம் பாத்துகிட்டே கிடக்குது."

"அதுவும் நியாயம்தான்" என்றார் பெரியவர், நியாயமே பிடிக்காத குரலில்.

"உங்களுக்கப்புறம் நான் வெச்சுக்கறேன்னு ஒருத்தர் நேர்ல வந்து சொன்னாப் போதும். பிள்ளைங்க இல்லையா?"

"ஒரே மக."

"அப்புறம் என்ன! கூட்டிட்டு வாங்க."

"அவ குடியிருக்கிற அடுக்குமாடியில நாய் வெச்சுக்கக் கூடாதாம்."

"அட, சும்மா வாய்வார்த்தைக்கு 'வெச்சுக்கறேன்'னு சொல்லச் சொல்லுங்களேன்!" சொன்ன பிறகுதான் பென்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டாம்மா. அப்படி வளத்துத் தொலைச்சிட்டேன்."

பென்சி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"பாப்பா, யாருக்கும் தெரியாம இன்னைக்கு ஒருநாள் குடுத்துடேன். எவ்வளவு கேட்டாலும் தர்றேன்."

"ஐயையோ! காசுக்கெல்லாம் மசிய மாட்டாங்க எங்க முதலாளியம்மா. போன வாரம் பெரிய அதிகாரி ஒருத்தரையே திருப்பி அனுப்பிட்டாங்களாம்." பென்சி குனிந்து, அவர் மடியிலிருந்து குட்டியைப் பிரித்து எடுத்தாள். அது அவர் சட்டையை விடாமல் இழுத்தது. "கோவிச்சுக்காதீங்க தாத்தா. எங்கம்மா குணம் உங்களுக்குத் தெரியாது. பெத்த அப்பாவே வந்து நின்னாலும் தர மாட்டாங்க!"

பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"தெரியும்மா. காலையில எனக்குக் கஞ்சி கொண்டாந்தப்பவே முடியாதுன்னுட்டா. அதான் அவ சாப்பிடப் போற நேரமாப் பாத்து வந்தேன்."

பென்சி குட்டியோடு அவர் பின்னால் வாசல்வரை ஓடினாள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்ட பெரியவர், திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவளைச் சொல்லி என்ன குத்தம்? கடை என் கையில இருந்தப்ப அந்த விதியைப் போட்ட மகாபுத்திசாலியே நான்தானே!"