எந்தப் படத்தைக் கொழுவுவது?

திருகோணமலையில் வேலை கிடைத்து, அங்கேயே பெண் எடுத்த குலசிங்கத்துக்குப் போர் விமானங்கள் என்றால் பைத்தியம். ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வெட்டிய இரண்டு ஜப்பானியச் சீரோ விமானப் படங்களை மனைவி இரத்தினேஸ்வரியிடம் நீட்டினான்.

"முன் அறைச் சுவரில கொழுவ எது வடிவு, சொல்லும்."

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு."

"ஒரே மாதிரியோ? இது மொடல் இருபத்தொண்டு. நாற்பத்திரண்டாம் ஆண்டு ஜப்பான்காரன் உங்கட ஊரில குண்டு போட்ட அண்டைக்கு வந்தது இதுதான். மற்றது ஐம்பத்திரண்டு. பிந்திச் செய்தது, இஞ்ச வரேல்ல. எனக்கு இருபத்தொண்டுதான் விருப்பம்."

"அப்ப மற்றதைக் கொழுவுங்கோ."

அவன் சிரித்தான். "பொம்பிளையளுக்கு இதுகள் விளங்காது. இருபத்தொண்டின்ர செட்டை என்ன நீளம், பாரும். மற்றது ஏன்?"

"அது இஞ்ச வரேல்லையெண்டு சொன்னீங்கள்" என்றாள் அவள். "அண்டைக்கு அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர். திரும்பி வரேல்ல."

குலசிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை என்று சொல்லித்தான் கலியாணம் பேசினார்கள். சாதகம், காணி, வீடு என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்தவன், அவர் எப்படி இறந்தார் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.