சனிக்கிழமை டீச்சர்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் அம்மாக்களின் குழுவில் திருப்பூர் சுகந்தி எழுதியிருந்தாள்: "சனிக்கிழமை மட்டும் மகளை டீச்சராக்கிட்டு, நீங்க புள்ளையா உக்காருங்கக்கா. பாடம் மனசுல நிக்கும்."

தேன்மொழிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மகள் ஆதிரையின் பாடப்பட்டையை வாங்கித் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். கவனம் பிசகினால் ஷாக் கொடுக்கும், பாடம் முடியும்வரை கழலாத பட்டை. இதுவரை அவள் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

"எட்டொம்பது எவ்வளவு?" என்றாள் ஆதிரை.

மகளின் மிடுக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எழுபத்திரெண்டு" என்றாள் தேன்மொழி.

ஷாக் தோள்வரை அறைந்தது. பல் நாக்கில் இறங்கி வாயெல்லாம் ரத்தம்.

"சரியாத்தானே சொன்னேன்!"

"நடுவுல சிரிச்சியே."

சட்டையில் சொட்டிய ரத்தத்தைக் குனிந்து பார்த்தாள். அதற்கும் அடித்தது. நாற்காலியோடு சரிந்ததில் மேசை முனை புருவத்தைக் கிழித்தது.

"எத்தனைல வெச்சிருக்கே? குறைடி, செத்துருவேன்!"

"நான் எதையும் தொடலம்மா. நீ எனக்கு வெச்சதுதான்."

தேன்மொழிக்கு அழுகை முட்டியது. ஆதிரை பதறிக் கீழே உட்கார்ந்து, பாவாடை நுனியால் அவள் கண்ணை அவசரமாகத் துடைத்தாள்.

"அழாதம்மா. அழுதா கூடிரும்."