மூக்கை நம்பிய லோடு

பெரியண்ணனுக்கு இடுப்பு வலி. குனிந்தால் சில நேரம் சும்மா விடும். சில நேரம் சுரீரென்று பிடித்து முகத்தைக் கோண வைக்கும். குனியாமல் செய்கிற வேலை எதையும் முதலாளி இருதயநாதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

காட்டூர் பழைய பிளாஸ்டிக் கொட்டகையில் அவருக்கு மோந்து பார்க்கிற வேலை. தண்ணீர் அடைத்து விற்கிற பெட் பாட்டிலும் பிவிசி டப்பாவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தண்ணீரில் போட்டால் இரண்டும் முங்கும். ஒரு துண்டு நறுக்கி லைட்டரில் கொளுத்தினால்தான் குட்டு வெளிப்படும்; பிவிசி என்றால் ஆசிட் நெடி மூக்கை அறுக்கும்.

இரண்டும் கலந்தால், உருக்கும்போது மொத்தமும் கருகிப் பாழாகும். போன லோடு அப்படித்தான் பெட்டை உருக்கி நூல் இழுக்கும் வையம்பட்டி அழகர்சாமியின் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது.

"அந்தாளு போன்ல பேசுனத சர்ச்சுல பாவசங்கீர்த்தனமா சொன்னா, சாமியாரே காதப் பொத்திக்குவாரு," என்றார் இருதயநாதன். "பதில் லோடு இன்னைக்கே போவணும். இதுலயும் பிவிசி கெடந்துச்சு, நாளைக்கு நீயும் லூர்துராணியும் வராதீங்க."

"என் மூக்கு மேலயே சந்தேகமாங்க?"

சந்தேகம் பெரியண்ணனுக்கே உண்டு. வருஷக்கணக்கில் இழுத்த புகை, தீபாவளி வாக்கில் அவர் மூக்கை முழுசாக அவித்துவிட்டது. மல்லிகைப்பூவும் சாக்கடையும் இப்போது ஒன்றுதான். வெளியே சொன்னால் கூலி போய்விடும்.

அதனால் எதிரே உட்கார்ந்து தரம் பிரிக்கும் லூர்துராணியை வைத்துப் பிழைப்பை ஓட்டினார். அவர் குனிந்து கொளுத்துவார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினால் பிவிசி. பொத்தாவிட்டால் பெட்.

மதியம் ஒரு மூட்டையைப் பிரித்தால் உள்ளே அழுகின மீன். லாரி டிரைவர் வாந்தியெடுக்க ஓடினார். இருதயநாதன் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார். லூர்துராணி தயிர்சோற்று டப்பாவைத் திறந்தாள்.

"தொழில் பக்தின்னா இதுய்யா!" என்று அங்கிருந்தே கத்தினார் முதலாளி.

பெரியண்ணன் குனிந்தார், கொளுத்தினார். லூர்துராணி பொத்தினாள், பிவிசி என்று ஓரம் போனது. பொத்தவில்லை, லோடில் விழுந்தது. சாயங்காலம் லாரி கிளம்பியது.

நிம்மதியில் பெரியண்ணனுக்கு வாய் திறந்துகொண்டது.

"லூர்து, யார்ட்டயும் சொல்லாத. எனக்கு மூக்கு போயி மாசக்கணக்காச்சு. நீ பொத்துறதப் பாத்துத்தான் அம்புட்டையும் பிரிச்சேன்."

லூர்துராணியின் கையிலிருந்த கத்தி நின்றது.

"யேசுவே! எனக்கு அதுக்கு முன்னாடியே போயிருச்சுண்ணே. நீங்க மூஞ்சியச் சுளிச்சாத்தான் நான் பொத்துவேன்!"

பெரியண்ணன் மெல்ல எழுந்தார். முகம் கோணியது. பழக்கதோஷத்தில் அவள் கை முந்தானைக்குப் போனது.

"இது இடுப்பும்மா."

லாரி தஞ்சாவூர் ரோட்டில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்திருந்தது. லூர்துராணி முந்தானையை மெதுவாகக் கீழே விட்டாள்.

"அப்ப வையம்பட்டிக்கு இன்னும் ஒரு லோடு பாக்கிண்ணே."