பன்னிரண்டாவது கோடு

வெள்ளத்தில் தப்பியவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஆண், பெண், குழந்தை என்ற கட்டங்களில் ஒன்றில் ஒரு கோடு போட வேண்டும். ஐந்தாவது கோடு மற்ற நான்கின் குறுக்கே விழும். இப்படி ஐந்தைந்தாக எண்ணினால் நிகழ்வெண், அதாவது அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்பது கிடைக்கும். பட்டை வரைபடத்தில் அதுவே பட்டையின் உயரம். முகாமில் அந்த உயரத்துக்குத்தான் போர்வை. கோடுகளும் சீட்டுகளும் சமமாக இருந்தாக வேண்டும். தப்பு ஒளிய இடமே இல்லாத முறை.

குழந்தைகளின் சீட்டு பதினொன்று. கோடு பன்னிரண்டு. அட்டவணை போட்டவள் நான்கு முறை புதிதாகப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டுதான் வந்தது. அவளுடைய மகளை மூன்று நாளாகக் காணவில்லை.

“ஒண்ணு கூட இருக்கேம்மா, அழிச்சிடு,” என்றார் முகாம் பொறுப்பாளர்.

“அழிக்கச் சொல்லாதீங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்.”

“உன் வேதனை எனக்குப் புரியுது. கணக்குக்குப் புரியாதேம்மா.”

அவள் பட்டையைப் பன்னிரண்டு வரை உயர்த்தினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் குழந்தைகள் அறையில் பதினொரு போர்வைகள் காய்ந்து கிடந்தன. மூலையில் ஒன்று மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து, சேற்று வாடையோடு சுருண்டிருந்தது. அவள் அதை வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

“கொடும்மா, வெயில்ல போடலாம்.”

“வேணாம் சார். இன்னும் சூடு ஆறல.”