மஞ்சள் கோடு போட்ட ஒயர்

மோட்டார் கிளம்பிவிட்டது.

கிளம்பியிருக்கவே கூடாது. படகுத்துறையில் நின்றவள் விலகிப் போகும் படகையே பார்த்தாள்.

ஒயரை வெட்டியது அவள்தான். கணவனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், துணி வெட்டுகிற கத்தரிக்கோலால்.

மூன்று மாதமாக அந்தக் கிழட்டு மோட்டார் உப்பில் ஒயரெல்லாம் இற்றுப்போய்ச் செத்துக் கிடந்தது. வீட்டில் அதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்.

அந்த மூன்று மாதத்தில் கணவனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. தனியாகத் தண்ணீரில் போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவன் சத்தியம் வாங்கிக்கொண்டான். உன் தம்பியிடம் கூட.

விஷயம் தெரியாத மெக்கானிக் தம்பி, நேற்று டூல்ஸ் பெட்டியோடு வந்து இறங்கினான். சாவியிலிருந்து பேட்டரிவரை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஒயர் இழுத்தான்.

டீ கொடுக்கிற சாக்கில் அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மற்ற ஒயர்களை எல்லாம் ஒரு தடவை இழுத்துப் பார்த்தவன், கறுப்பில் மஞ்சள் கோடு போட்ட ஒன்றை மட்டும் மீட்டர் வைத்து மூன்று தடவை சோதித்தான். மோட்டாரின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

அதைத்தான் வெட்டினாள். வெட்டிய முனைகளை மற்ற ஒயர்களுக்கு அடியில் செருகி மறைத்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த தம்பி, மீண்டும் பார்க்காமல் மூடியைப் போட்டான். ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கணவன் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போயே போய்விட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமா அது?

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? மாமா கையில சிவப்பா ஒரு கயிறு மாட்டி விட்டிருக்கேன். அவர் தவறி விழுந்தா அது கழண்டு மோட்டார் தானா நின்னுடும், படகு அவரை விட்டுட்டு ஓடாது. உங்க அக்கா ரொம்ப பயப்படுறாடா, இப்படி ஏதாவது பண்ணிக் குடுன்னு அவரேதான் கேட்டார்."

மோட்டாரை நிறுத்துவது எந்த ஒயர் என்று அவள் கேட்டாள்.

"கறுப்புல மஞ்சக் கோடு. அது அறுந்தா மோட்டார் பாட்டுக்குக் கிளம்பும், ஆனா நிறுத்தவே முடியாது. அதான் மூணு தடவை பார்த்தேன்."

அவள் கத்தினாள். தண்ணீரின் விளிம்புவரை ஓடி, இரண்டு கைகளையும் வீசி வீசிக் கத்தினாள்.

தூரத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். மோட்டார் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. பயப்படாதே என்பதுபோலச் சிரித்தபடி கையை உயர்த்தி, மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றை அவளுக்குக் காட்டினான்.