முன்வரிசை

"நாளையிலிருந்து தடுப்பூசிக் காட் இல்லாதவன் கடலுக்குப் போக ஏலாதாம்! எங்கட உடம்பு, எங்கட இஷ்டம்! ஊசி போட்டவன் ஊட்டுக் கலியாணத்துக்கு இந்த ஊர் போகாது. என்ன சொல்றீங்க?"

அசர் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் ஜவுபர் ஹாஜியார் முழங்கினார்.

"ஓம் ஹாஜியார்!"

மிஹ்லார்தான் எல்லாரையும் விடப் பலமாகக் கத்தினான். கத்தாமல் என்ன செய்வான்? அடுத்த மாதம் அவனுக்குக் கலியாணம். ஊர் வராவிட்டால், ஒரே தட்டில் கூடியிருந்து உண்ணும் சஹன் சாப்பாடு யாருக்கு? நேற்றுத்தான், தெரிந்த முகம் ஒன்றுமில்லாத சிலாபத்துக்குப் போய்க் களவாக ஊசி போட்டு வந்திருந்தான். இடக்கையைத் தூக்கினால் உயிர் போனது.

தொழுகை தொடங்கும்போது இரண்டு கையையும் காதுவரை உயர்த்த வேண்டுமே! மிஹ்லார் இரண்டாம் வரிசையில் ஒளிந்துகொண்டான்.

"அல்லாஹு அக்பர்!"

வலக்கை காதுக்குப் போனது. இடக்கை இடுப்போடு நின்றுவிட்டது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று பயந்துபோய் நிமிர்ந்தான்.

முன்வரிசையில் எல்லா வலக்கைகளும் காதோடு நின்றன. ஓர் இடக்கைகூட இடுப்பைத் தாண்டவில்லை.

நடுவில் நின்ற ஜவுபர் ஹாஜியார் மட்டும், தொங்கிய இடக்கையை வலக்கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.