துருப்பிடித்த வண்டி

ஜப்பானின் ஹமாமட்சு நகரில் பழைய கார்க் கடை. கூரை திறக்கிற கார் ஒன்றை மலிவாக வாங்கி, தாங்களே சரிசெய்து ஓட்ட வேண்டுமென்று தெய்ஜிக்கும் மகள் சிஹாருவுக்கும் ஆசை. சிஹாரு கைகாட்டிய வண்டியைத் தெய்ஜி சுற்றிப் பார்த்தார்.

"கூரை கிழிஞ்சிருக்கு, அடியெல்லாம் துரு. அந்தச் சிவப்பு வண்டியை எடும்மா. ஒரே மாசத்துல ஓட்டிரலாம்."

"எனக்கு இதுதாம்பா வேணும்."

கடைக்காரர் நாகுமோ குறுக்கிட்டார். "வண்டி நிறுத்த இடமிருக்குன்னு போலீஸ் சான்று வாங்கணும். எந்த விலாசம்மா?"

"அப்பா பேர்லயே பதியுங்க. அவர் வீட்லதான் நிக்கும்."

தெய்ஜி திரும்பினார். "அடுத்த மாசம் கல்யாணமாகி நகோயா போயிடுவ. வண்டி மட்டும் இங்க எதுக்கு?"

"வேலை முடியறவரைக்கும் ஞாயித்துக்கிழமையானா நான் வந்துதானேப்பா ஆகணும்."

தெய்ஜி குனிந்து துருவைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு நாகுமோவிடம் மெல்லக் கேட்டார்.

"இதைவிட மோசமா ஏதாவது இருக்கா?"